கை நுழையும் சோப்பு

ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறரை மணிக்கு, சாரதாமணி தன் நாத்தனாரைக் குளிப்பாட்டினாள். அதில் ஒரு குற்றம்கூடக் கண்டுபிடிக்க விஜயராணியால் முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பத்தொன்பது வருஷம் சம்பளம் வாங்கியவள் விஜயராணி. திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி, அதில் செக்கிங் பிரிவு. தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் புரட்டி, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் கோணிக்கொண்டு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குற்றம் இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தைத்தவளிடமே திருப்பி அனுப்ப வேண்டும். விஜயராணியின் மேசையைத் தாண்டிப் போன பீஸ் கப்பலேறி வெளிநாடு போய்த் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கண்ணை அவள் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. வீட்டுச் சாம்பாரிலும் பார்ப்பாள், பக்கத்து வீட்டுக் கோலத்திலும் பார்ப்பாள், எதிரே வருகிறவளின் பேச்சிலும் பார்ப்பாள்.

அவளிடம் அதிகமாக ஸ்டிக்கர் வாங்கியவள் யார் என்று கேட்டால், ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த சாரதாமணிதான். ஒரு தீபாவளி நெருக்கடியில் நாற்பது பீஸில் முப்பத்தாறைத் திருப்பி அனுப்பி, சூப்பர்வைசர் முன்னால் அந்தப் பெண்ணை அழவைத்தாள். முப்பத்தாறில் முப்பது நியாயமான குற்றம். மீதி ஆறு, அன்றைக்கு விஜயராணிக்குத் தலைவலி. அது நடந்து ஆறாவது மாதம் தம்பி மாரிச்செல்வம் வந்து நின்றான். அவனும் அதே கம்பெனியில்தான், கட்டிங் பிரிவில். "அக்கா, நான் சாரதாவைக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன்" என்றான். விளாத்திகுளத்திலிருந்து பதினேழு வயதில் தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்த பையன், ஊரில் வேறு பெண்ணே இல்லாத மாதிரி அவளைப் போய்ப் பிடித்திருக்கிறானே என்றிருந்தது விஜயராணிக்கு.

ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். விஜயராணியைக் கட்டியவன் கல்யாணமான மறுவருஷமே கம்பி நீட்டிவிட்டதால் அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை. பேச்சு வார்த்தையில் குறை இருக்காது. சாரதாமணி உள்ளூர்க்காரி. வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். அந்த மரியாதையை வைத்தே ஆளை அறுக்க முடியும் என்பதை அவளிடம்தான் பார்க்க வேண்டும்.

பிறகு விஜயராணிக்கு முடக்குவாதம் வந்தது. முதலில் காலையில் விரல்கள் மடங்கவில்லை. ஸ்டிக்கரை உரிக்க முடியவில்லை. இரண்டு வருஷத்தில் பத்து விரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, முட்டிகள் புடைத்து, மணிக்கட்டு இரண்டும் கட்டைபோல இறுகிவிட்டன. மாத்திரை வலியைக் குறைத்தது, வளைந்ததை நிமிர்த்தவில்லை. வேலை போயிற்று. தோளும் முழங்கையும் ஓரளவுக்கு அசைந்தன. ஸ்பூனை உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு சாப்பிட்டாள். நைட்டியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டாள். குளிக்க மட்டும் முடியவில்லை.

தம்பி, அக்காவைக் குளிப்பாட்ட முடியுமா? ஆக, சாரதாமணி.

தண்ணீர் பதமான சூட்டில் இருக்கும். ஊற்றுவதற்கு முன்னால் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக்கொள்வாள். கழுத்து, தோள், கை, முதுகு, கால் என்று வரிசை தப்பாமல் தேய்ப்பாள். அழுத்தம் கூடாது, குறையாது. கண்ணில் ஒரு பொட்டு நுரை படாது. அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பெரிய அண்டாவைத் துலக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு துலக்குவாள். துடைத்து, துண்டைச் சுற்றிவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி, செக்கிங் மேசை முன்னால் நிற்கிற மாதிரி நின்று, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பாள்.

"பாஸுங்களா அண்ணி?"

"பாஸ்" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அப்படியே நிற்பாள். எட்டு மாதமாக விஜயராணி ஈர உடம்போடு நின்று பாஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

நானே குளித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லாமல் போயிற்று. சாமி கும்பிடும்போதுகூட நோய் தீர வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு இதை மட்டும் கேட்டாள்.

ஒரு நாள் முயன்றும் பார்த்தாள். சாரதாமணி வேலைக்குக் கிளம்பும் நேரம், குளியலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். மக்கை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடிந்தது. சோப்புதான் கேடு செய்தது. மடங்காத விரலில் கடைச் சோப்பு எப்படி நிற்கும்? மூன்று முறை வழுக்கியது. நான்காவது முறை சாக்கடை ஓட்டைப் பக்கம் போய் விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்கு எழ முடியவில்லை. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் கூப்பிட்டாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, வாசல் வரை போயிருந்த சாரதாமணி திரும்பி வந்தாள். கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

"பரவாயில்லீங்க அண்ணி. ஒரு நாளைக்கு லேட்டாப் போனா ஒண்ணும் ஆயிராதுங்க" என்றாள் சாரதாமணி, சோப்பைப் பொறுக்கிக்கொண்டே.

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது விஜயராணிக்கு.

அழுத்தினால் வரும் திரவச் சோப்பை மாரி வாங்கி வந்தான். அழுத்தினால் விரல் முட்டியில் உயிர் போயிற்று. அழுத்தி எடுத்ததும் வளைந்த உள்ளங்கையில் நிற்காமல் வழிந்தோடியது. சோப்பைத் துணிப்பையில் போட்டுத் தேய்க்கலாம் என்றால் பையைப் பிடிக்க விரல் வேண்டும். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, கை சோப்பைப் பிடிக்காவிட்டால் சோப்பு கையைப் பிடித்துக்கொள்ளட்டுமே. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான ஒரு கட்டி. அதன் முதுகில் ஒரு பட்டை. பட்டைக்குள் கையை நுழைத்துவிட்டால் போதும், தோளை அசைத்தாலே உடம்பில் ஓடும். பட்டைக்குப் பனியன் கழுத்தில் வைக்கிற ரிப் துணி. இழுத்தால் நீளும், விட்டால் இறுகும், எலும்பை உறுத்தாது. அந்தத் துணிக்குத் திருப்பூரில் என்ன பஞ்சம்?

அப்படி ஒரு சோப்பு கடையில் இல்லை. ஆகவே தானே காய்ச்சிவிடுவது என்று முடிவு செய்தாள்.

செல்போனில் ஒரு பெண் வீட்டிலேயே சோப்புச் செய்து காட்டினாள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய், முந்நூற்றைம்பது மில்லி தண்ணீர், நூற்றெழுபது கிராம் காஸ்டிக் சோடா. காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் கொட்ட வேண்டும், தண்ணீரை காஸ்டிக் மேல் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடாது. கலந்து கெட்டியானதும் அச்சில் ஊற்றி, மறுநாள் எடுத்து, ஒரு மாதம் காற்றாட வைக்க வேண்டும். "அப்புறம் கொஞ்ச நேரம் கலக்கி விடுங்க, அவ்வளவுதான்" என்று சிரித்தாள் அந்தப் பெண். நீண்ட, நேரான, நகச்சாயம் பூசிய விரல்கள். விஜயராணி அவளைத் திட்டிக்கொண்டே பதினோரு முறை பார்த்தாள்.

காஸ்டிக் வாங்கித் தர மாரியிடம் சொன்னாள். சாயப்பட்டறைக்குச் சரக்குப் போடுகிற கடை ஒன்றில் அவனுக்குப் பழக்கம்.

"நூத்தி எழுவது கிராம்ல மாரி. அங்கேயே நிறுத்து வேங்கிட்டு வா. எனக்கு நிறுக்க முடியாது."

"நான் நிறுத்துக் கொண்டாரேங்கா. நீ எண்ணெயைப் பாரு."

மாலையில் கெட்டியாக முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பொட்டலமாகக் கொண்டுவந்து தந்தான். சாரதாமணி கொண்டுவந்திருந்தால் அதைத் திரும்ப நிறுக்காமல் விஜயராணி விட்டிருக்கமாட்டாள். தம்பி கொண்டுவந்தது. வாங்கி அப்படியே வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் வேலையைத் தொடங்கினாள். புகை முகத்தில் அடிக்கும் என்பதால் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பொட்டலத்தை மாரி பிரித்துத் தண்ணீரில் கொட்டிவிட்டு எங்கோ போய்விட்டான். பிளாஸ்டிக் வாளியை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டாள். சப்பாத்தி தேய்க்கும் குழவியை வலது முன்கையோடு சேர்த்து ரிப் துணியால் மாரி கட்டிவிட்டிருந்தான். தோளிலிருந்து சுற்ற வேண்டும். சுற்றினாள். ஆறிய காஸ்டிக் தண்ணீர் எண்ணெயில் விழுந்து மோர்போல ஆயிற்று. மோர், மோர், மோர். அரை மணி நேரம் கழித்தும் மோர்தான். தேங்காய் எண்ணெய் லேசில் கெட்டிப்படாது என்பதை அந்தச் சிரித்த மூஞ்சிக்காரி சொல்லவே இல்லை.

துணி காயப்போட வந்த சாரதாமணி வாளியைப் பார்த்தாள். நாத்தனாரின் தோளைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அண்ணி, செத்த நேரம் நான் சுத்தட்டுங்களா?"

"தொடாத."

"செரிங்க."

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை மட்டும் விஜயராணி கீழே போக வேண்டியிருந்தது. மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். போய்த் திரும்பி வர ஐந்து நிமிஷம். மாடியில் சாரதாமணி இன்னும் துணிகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாளி வைத்த இடத்தில் இருந்தது. கடைசியில் கூழ் பதம் வந்தது. இனிப்புக் கடைத் தட்டை டப்பாக்கள் நான்கில் முழங்கையால் சாய்த்து ஊற்றி, ரிப் பட்டைகளின் இரண்டு முனையையும் ஸ்பூன் காம்பால் ஆழமாகச் செருகினாள். மூன்று நாள் தோளைத் தூக்க முடியவில்லை. ஆனால் நான்கு சோப்பு. வெள்ளை வெளேரென்று, பட்டையோடு.

ஒரு மாதம் காத்திருந்தாள். அலமாரியைத் திறந்து தினமும் பார்ப்பாள். பிறகு ஒரு நாள் காலையில், "இன்னைக்கு நீ வர வேணாம். நானே குளிச்சுக்கிடுதேன்" என்று சாரதாமணியிடம் சொன்னாள். சொல்வதற்காகவே முந்தின நாளிலிருந்து அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

சாரதாமணி வெந்நீரை வாளியில் ஊற்றிவிட்டு வெளியே போனாள். விஜயராணி பட்டைக்குள் கையை நுழைத்தாள். ரிப் இறுகிப் பிடித்துக்கொண்டது. கழுத்தில் வைத்துத் தோளை அசைத்தாள். ஓடியது! நுரை வந்தது. ஒன்பது பத்து மாதத்துக்குப் பிறகு தன் உடம்பைத் தானே தொட்டாள். கழுத்து, மார்பு, வயிறு, அக்குள், முன்கை. அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கும்போதுதான் கழுத்தில் ஏதோ குறுகுறுத்தது. அக்குளில் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. தண்ணீரை எடுத்து எடுத்து ஊற்றினாள். ஊற்ற ஊற்றத் தோல் சிவந்தது. மத்தியானத்துக்குள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வழண்டு போயிற்று.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாடி, துணி, ஐந்து நிமிஷம். வீட்டுக் கழிப்பறையைக் கழுவ வாங்கி வைத்த காஸ்டிக் டப்பா சமையல்கட்டுக்குப் பின்னால் இருப்பதும் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கிக் காம்பவுண்டுக்குள் வந்த சாரதாமணியைக் குழாயடியிலேயே பிடித்துக்கொண்டாள். தண்ணீர் வந்திருந்த நேரம். வரிசையில் ஏழு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அதில் நாலு பேர் அதே கம்பெனி.

"எல்லாரும் பாருங்க! நல்லாப் பாருங்க! என் கழுத்தைப் பாருங்க!" நைட்டிக் கழுத்தை மணிக்கட்டால் இழுத்துக் காட்டினாள். "வாளியில காஸ்டிக்கை அள்ளிப் போட்டுருக்கா. கையில்லாதவளைக் குளிப்பாட்டுத மாதிரிக் குளிப்பாட்டி, கடைசியில வேகவெச்சுட்டா! அப்ப நான் திருப்பி அனுப்பின பீஸுக்கு இப்பப் பழி வாங்கிட்டா!"

பக்கத்து வீட்டு இந்துமதியின் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அத்தனை பேரும் சாரதாமணியைப் பார்த்தார்கள்.

சாரதாமணி இல்லை என்று சொல்லவில்லை. கத்தவும் இல்லை. முகம் மட்டும் சாம்பல் பூத்துப்போயிற்று.

"இனிமே உங்க மேல என்ற கை படாதுங்க அண்ணி" என்றாள். தோள்பையைச் சரி செய்துகொண்டு வீட்டுக்குள் போனாள்.

சொன்னதுபோலவே செய்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறரை மணிக்கு வெந்நீர் குளியலறையில் இருக்கும். பக்கத்தில் துண்டு இருக்கும். அவள் இருக்கமாட்டாள். விஜயராணி வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தாள். கம்பெனியில் என்ன நடந்தது என்பது இந்துமதி மூலம் காதுக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் சாரதாமணி பக்கத்தில் உட்கார ஒருத்தி யோசித்தாளாம். இன்னொருத்தி தன் டிபன் டப்பாவைத் தள்ளி வைத்தாளாம். வேடிக்கைக்குத்தான் என்று சிரித்தார்களாம். கேட்டபோது விஜயராணிக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை ஒளித்து என்ன?

அந்தச் சந்தோஷம் நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் அவள் தம்பியைக் கூப்பிட்டு, இன்னொரு முறை காஸ்டிக் வாங்கி வரச் சொன்னாள்.

"அதே அளவு தானேக்கா?" என்றான் மாரிச்செல்வம், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "போன தடவை மாதிரியே வேஸ்டேஜ் சேத்து இருநூறாப் போட்டுக் கொண்டாரேன்."

விஜயராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு போட்ட?"

"இருநூறு. நீ நூத்தி எழுவதுன்னே. கொட்டுறப்ப, கலக்குறப்ப கொஞ்சம் சிந்தும்லா? பத்து பர்சென்ட் போட்டா நூத்தி எண்பத்தேழு வருது. அதென்ன கணக்குன்னு ரவுண்டா இருநூறு போட்டேன். குறைஞ்சிறக் கூடாதுல்லா."

கட்டிங் பிரிவில் இருபது வருஷமாக நிற்கிறவன். நூறு பனியனுக்குத் துணி கேட்டால் நூற்றுப்பத்துக்கு வெட்டுவான். இந்த ஊரில் கல்யாணத்துக்கு இலை எண்ணுகிறவனும் வேஸ்டேஜ் சேர்த்துத்தான் எண்ணுவான். துணி கூடினால் மிஞ்சும். காஸ்டிக் கூடினால் தோலைத் தின்னும். அது அவனுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் கள்ளமே இல்லை. அக்காவுக்குக் குறைந்துவிடக் கூடாது என்று அன்பாக அள்ளிப் போட்டிருக்கிறான்.

அவள் சொல்லிப் புரியவைத்ததும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அப்ப சாரதா..." என்று தொடங்கினான்.

"நான் சொல்லிக்கிடுதேன். நீ சும்மா கெட" என்றாள்.

அவள் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள், சாரதாமணி தலைவலி என்று படுத்துவிட்டாள். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தாள், சாரதாமணி சாப்பாட்டுத் தட்டை வைத்த விதம் பிடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு நியாயம் கிடைத்தது. அவள் போடவில்லைதான், ஆனால் போட வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டாளா? கட்டாயம் நினைத்திருப்பாள். தன் இடத்தில் அவள் இருந்து, அவள் இடத்தில் தான் இருந்திருந்தால், தான் நினைத்திருப்பாளே! இந்த நியாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புதுச் சோப்பு வேலையில் இறங்கிவிட்டாள்.

இந்த முறை யாரையும் நம்பவில்லை. மூடி தளர்ந்த டப்பாவில் காஸ்டிக்கும், இந்துமதி வீட்டு எலெக்ட்ரானிக் தராசும் மாடிக்கு வந்தன. ஸ்பூனை முன்கையில் கட்டிக்கொண்டு அள்ளி அள்ளி வைத்தாள். நூற்று அறுபத்தெட்டு. நூற்று எழுபத்து மூன்று. மூன்று கிராமைத் திரும்ப எடுப்பதற்குக் கால் மணி நேரம். நூற்றெழுபது என்று எண் வந்து நின்றபோது, அவள் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக ஒன்றைச் செய்ததில்லை என்று பட்டது. கலக்குவதற்கு இரண்டு மணி நேரம். இந்த முறை கீழே போகவில்லை. கால்வழியே போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். துணி காயப்போட வந்த சாரதாமணி படிக்கட்டு முனையிலேயே நின்று, கூடையோடு திரும்பிப் போய்விட்டாள். எதிர்க் காம்பவுண்டு மாடியில் துணி காய்வதைச் சாயங்காலம் பார்த்தாள் விஜயராணி.

மறுபடியும் ஒரு மாதம். வெறும் தண்ணீரில் அவள் உடம்பு ஒரு மாதிரி நாறத் தொடங்கியது. முன்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டாள். முதுகு பிசுபிசுத்தது. ராத்திரி அவள் பக்கமாக மின்விசிறி சுற்றும்போது மாரி மூக்கைத் தேய்த்துக்கொள்வதுபோல் இருக்கும். சாரதாமணி மட்டும் எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. "சாப்பிடுங்க அண்ணி", "மாத்திரை தீந்து போச்சுங்களா?" இரண்டே வாக்கியம். ஆறரைக்கு வெந்நீர்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சாரதாமணி சமையல்கட்டில் கறிக்குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாரி வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். விஜயராணி புதுச் சோப்பை முதலில் நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தாள். சுரீர் என்று இழுக்கவில்லை. சோப்புச் சுவைதான், குமட்டியது. முழங்கை மடிப்பில் தேய்த்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தாள். சிவக்கவில்லை.

கதவை ஒருக்களித்துக்கொண்டு குளித்தாள். அவசரமே படவில்லை. பட்டை கையைப் பிடித்திருந்தது, கை உடம்பின் மேல் ஓடியது. நுரை அழுக்கோடு கறுத்து வழிந்து, இரண்டாம் முறை வெள்ளையாக வழிந்தது. தொடையில், முழங்காலில், ஸ்டூலில் தூக்கி வைத்த பாதத்தில். யாரும் மேலே நின்று பார்க்கவில்லை. யாருக்கும் பாஸ் போட வேண்டியதில்லை. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, சிரித்தாள். பிறகு கையை முதுகுக்குக் கொண்டுபோனாள்.

போகவில்லை. தோளுக்கு மேலே போகவில்லை, இடுப்பு வழியாகவும் போகவில்லை. இறுகிய மணிக்கட்டு விலா எலும்போடு நின்றுவிட்டது. சுவரில் சோப்பைத் தேய்த்து முதுகைச் சுவரில் உரசிப் பார்த்தாள். சுவர்தான் சுத்தமாயிற்று. எத்தனை விதமாக முயன்றாலும், ஐந்து வாரத்து அழுக்கோடு அந்த முதுகு அங்கேயே இருந்தது. அது இருக்கிறது என்பதையே இவ்வளவு நாள் அவள் மறந்திருந்தாள். மறக்கும்படி ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைட்டியை மாட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் போய் நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குளிச்சாச்சுங்களா?" என்றாள் சாரதாமணி, திரும்பாமலேயே.

"ஆச்சு."

"எரியலீங்களே?"

"இல்ல."

"செரிங்க."

கத்தி பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. விஜயராணி நகரவில்லை.

"சாரதா. அன்னைக்கு நீ ஒண்ணும் போடலை. மாரிதான் வேஸ்டேஜுன்னு கூடப் போட்டுக் கொண்டாந்துட்டான். நான் உன்னையச் சொன்னது தப்பு."

கத்தி நின்றது.

"தெரியுங்க" என்றாள் சாரதாமணி. "அவரு அன்னைக்கு ராத்திரியே எங்கிட்டச் சொல்லிட்டாருங்க. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னு அஞ்சு வாரமாப் பாத்துட்டு இருந்தனுங்க." இப்போதுதான் திரும்பி, ஈர நைட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "முதுகு எட்டலீங்களா?"

"எட்டல."

"ஒண்ணு கேக்கட்டுங்களா அண்ணி? முதுகு எட்டியிருந்தா, இதை எங்கிட்டச் சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். விஜயராணி வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருஷம் பிறர் குற்றத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளுக்குத் தன்னுடையது அவ்வளவு பக்கத்தில் தெரிந்ததில்லை. அசிங்கமாக இருந்தது.

"சொல்லிருக்க மாட்டேன்" என்றாள்.

"அப்ப அது முதுகுக்குச் சொன்னதுங்க. எனக்கில்லீங்க." சாரதாமணி மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

வெளியே குழாயில் தண்ணீர் வந்திருக்க வேண்டும். குடங்கள் உரசும் சத்தமும் இந்துமதியின் சிரிப்பும் கேட்டன. விஜயராணி வாசல் நிலையில் முன்கையை ஊன்றியபடி நின்றாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. போனாலும் முதுகு தேய்த்துவிட ஆள் வரப்போவதில்லை என்பதும் நன்றாகத் தெரிந்தது. செருப்புப் போடாமல் இறங்கிக் குழாயடிக்கு நடந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குக் கத்திய அதே சத்தத்துக்கு உயர்த்தினாள். "சாரதா மேல நான் சொன்னது பொய்! அவ ஒண்ணும் போடலை. கூடப் போட்டது என் தம்பி, தெரியாமப் போட்டுட்டான். இது எனக்குத் தெரிஞ்சு அஞ்சு வாரமாச்சு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். கம்பெனியில டிபன் டப்பாவைத் தள்ளி வெச்சவ யாரோ, அவகிட்டயும் போய்ச் சொல்லுங்க."

குடம் வழிந்தது. விஜயராணி திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். சோப்புப் படாத முதுகில் நைட்டி ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு, அழுக்கு மஞ்சளாக ஊறி வெளியே தெரிந்தது. குழாயடியில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தாள்.